ராணியின் குளியல் தொட்டி

அன்பு மனைவிக்கு,

நீயும் மகளும் சுகம்தானே? அம்மாவின் இருமல் குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான்.

கோட்டையையும் தோட்டத்தையும் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். லாயத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியில் ரோஜா இதழ்களைக் கொட்டி, 'ராணியின் குளியல் தொட்டி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு நான் சுற்றிக் காட்டும்போது ஒரு பெரியவர், "குளிக்கிற எடத்துல எதுக்குப்பா இத்தனை இரும்பு வளையம்?" என்றார். "குதிரை கட்டத்தான் ஐயா" என்றேன். கூட்டமே சிரித்தது.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "சார், குதிரைத் தொட்டியப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்? நீங்க வெளக்கினது போதும், இனிமே வாசல்ல நில்லுங்க."

வரலாற்றில் முதுகலை படித்தவன் இப்போது ஒட்டுமீசையும் ஈட்டியுமாக வாசற்காவலன் வேஷத்தில் நிற்கிறேன். என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். "உங்க படிப்புக்கேத்த வேலை மாமா" என்று இதில் தள்ளிவிட்ட உன் தம்பியிடம் சொல்லாதே. சொன்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

முழங்கால் தைலமும் தடித்த காலுறைகளும் அனுப்பு. பசை பட்டு உதட்டுக்கு மேலே அரிக்கிறது, அதற்கும் ஏதாவது களிம்பு வை.

விடுமுறைக்கு மகளோடு வருவதாக எழுதியிருந்தாய். அப்பா கோட்டையைச் சுற்றிக் காட்டுவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வாருங்கள். ஆனால் வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் 'அப்பா' என்று கூப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள். காவலன் வாய் திறக்கக் கூடாதென்பது உத்தரவு.

கதவு திறக்கும் நேரம், ஓடுகிறேன்.

உன் கணவன்