காலி பண்ணச் சொன்ன ஊடு

குள்ளர் ஊடு,
கோத்தகிரி வழி.
வியாழக்கிழமை, சாயங்காலம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

லிஜி எழுதுகிறேன். முதலில் பையைக் கீழே இறக்கி வையுங்கள். உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். நம்மை யாரும் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. போன கடிதத்தில் நான் எழுதியது தப்பு. அம்மாவும் நானும் கோழியும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று மத்தியானம் உங்கள் ஹோமிலிருந்து பிரதர் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். என் கடிதம் வந்ததிலிருந்து நீங்கள் சாப்பிடவில்லையாம். பையைக் கட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்களாம். ஹோமில் இருக்கிறவர்களுக்குப் போன் தருவது வழக்கமில்லை, இந்த ஒரு தடவை தருகிறேன் என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா சொன்னதற்கு, "போன்ல சமாதானந்தான் சொல்லுவீங்க, லிஜி சொல்லட்டும்" என்று நீங்கள் சொன்னது எனக்கே கேட்டது. அம்மா போனை என் காதில் வைத்தார். எனக்கு வழக்கம்போல ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் ஆகுமே, அதேதான். வார்த்தை வராமல் போனுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "செரி, நீ எழுதியே அனுப்பு. அதுவரைக்கும் இருக்கறேன்" என்றீர்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். வேலன் அண்ணன் நாளைக் காலையில் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார். அப்படியே காரமடை வந்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன சனிக்கிழமை கோயம்புத்தூர் ஆபீசிலிருந்து சாந்தாமணி மேடம் கூப்பிட்டார். அம்மா தேயிலை பறிக்கப் போயிருந்ததால் நான் எடுத்தேன். நம் மேட்டில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில், "புதன்கெழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணி வெச்சிருங்க, ஆளுங்க வர்றாங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் ம் என்றேன். புரிந்ததா என்று கேட்டார். அதற்கும் ம் என்றேன். எந்த வீடு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் பை இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கும்.

நீங்கள் இங்கே இல்லாதது ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது, ஊரார் மேனேஜர் வேலை என்று சொல்கிற பொறுப்பாளர் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அவர் குடிவரத்தான் நம் குவார்ட்டர்ஸைக் கேட்கிறார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அம்மா நேராகப் போய்த் திரைச்சீலைக் கம்பியைக் கழற்ற ஆரம்பித்தார். ஜெகதளாவில் சித்திக்குச் சொல்லி ஓர் அறை பார்க்கச் சொன்னார். உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். உங்களிடம் மறைத்தால் நீங்கள் வந்த பிறகு வருத்தப்படுவீர்கள் என்று நான்தான் எழுதிப் போட்டேன்.

நேற்றுக் காலையில் ஜீப் வந்தது. மேடமும், டேப், கேமரா எல்லாம் வைத்திருந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். அப்போது நம் கட்டில், பீரோ, அரிசி டிரம், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் வாசலில் இருந்தன. சுவரில் இயேசு படம் ஒன்றுதான் பாக்கி. அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று அம்மா விட்டு வைத்திருந்தார். கோழியை மகாலட்சுமி அக்கா டீக்கடையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தோம். மேடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தபித்தா, ஊட்டுக்கு வெள்ளையடிக்கறீங்களா?" என்று கேட்டார். நீங்கள்தானே காலி பண்ணச் சொன்னீர்கள் என்று அம்மா சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மேடம் வாசலில் கிடந்த பீரோவையும் எங்களையும் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆண்டவா, நான் குள்ளர் ஊட்டச் சொன்னேனுங்க! கல்லு ஊட்ட!"

நம் ஊரில் குடியிருக்கிற வீடும் ஊடுதான், அந்தக் கல் கட்டடமும் ஊடுதான். தொல்லியல் துறை போர்டில்தான் பெருங்கற்காலக் கற்திட்டை என்று எழுதியிருக்கிறது. மேடமும் அன்னூர்க்காரர், அவர் வாயிலும் ஊடுதான் வரும். மூன்று பக்கம் பலகைக்கல்லும் மேலே ஒரு மூடுகல்லும் வைத்து, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டியதை அளந்து படம் வரைய வந்திருக்கிறார்கள். அதற்குள் நாம் வைத்திருக்கும் சாமான்களை எடுக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் குடியிருக்கிற வீட்டைக் காலி செய்துவிட்டு, காலி செய்ய வேண்டியதை அப்படியே விட்டு வைத்திருந்தோம். அளக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அம்மா கோழியைக் கூட்டிவர அக்கா கடைக்குப் போனார். நான் குள்ளர் ஊட்டுக்குள் போனேன். தவழ்ந்துதானே போக வேண்டும், மற்றவர்களுக்கு அது சரிவராது. மண்வெட்டி, வாளி, புல்வெட்டுகிற மெஷின், தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். எல்லாவற்றுக்கும் பின்னால், உள்மூலையில், வாய் கட்டிய சாக்கு மூட்டை ஒன்று இருந்தது. இழுத்ததும் கண்ணாடி உரசுகிற சத்தம் வந்தது. வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

அப்போது மேடம், "நீங்க ரெண்டு பேரும் கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. மேனேஜரூட்டுச் சாமானெல்லாம் எடுக்க நேரமாகும்" என்று சொல்வது கேட்டது. அவர்கள் போன பிறகு நான் மூட்டையோடு வெளியே வந்தேன். மேடம் ஒரு பக்கம் பிடித்தார். நாங்கள் அதைக் கொண்டுபோய் பாத்ரூமுக்குப் பின்னால் வைத்தோம். சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வந்தபோது போட்டுவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் வந்து அதைத் தேட வேண்டாம் என்பதற்காகத்தான்.

மேடம் கை கழுவிக்கொண்டே, "டக்ளஸ் எங்கம்மா?" என்று கேட்டார். யாராவது கேட்டால், காலில் அடிபட்டு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி அம்மா சொல்லி வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த மூட்டையைத் தூக்கிய கையையே அவர் கழுவிக்கொண்டிருந்தார். "ஒடம்பச் சரி பண்ணிக்கப் போயிருக்காருங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, அப்பா. எப்போது வருவார் என்று கேட்டார். குருத்தோலை ஞாயிறு முடிந்து என்றேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, "முழுசாச் சரியாகிட்டு வரச் சொல்லு. பாதியில வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. முழுசா வந்தா வேலை அவரு பேருலதான் இருக்கும்" என்றார். இதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் இந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ ம்முன்னு சொல்லியே சொந்த ஊட்டக் காலி பண்ணுன ஆளு. வர்ற சனத்த எப்படிச் சமாளிப்ப?" என்றார்.

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. ஊட்டி பார்த்துவிட்டுக் கோத்தகிரி வழியாக இறங்குகிறவர்கள். வழக்கம்போல "இதுதானா? இவ்வளவுதானா?" என்றார்கள். ஒருத்தர் வேலியைத் தாண்டி மூடுகல்லின் மேல் ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். நீங்கள் இருந்தால் ஒரு சத்தம் போடுவீர்கள், பிறகு நீங்களே கூப்பிட்டு, இதில் குடியிருந்த குள்ளர்களின் கதையைச் சொல்வீர்கள். காலை நேரத்தில் வருகிறவர்களுக்கு அந்தக் கதை கிடைத்துவிடும். மத்தியானத்துக்கு மேல் வந்தவர்களுக்குத்தான் கிடைத்ததில்லை. எனக்குச் சத்தமும் வராது, கதையும் வராது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் பெருக்க ஆரம்பித்தேன். விளக்குமாறு காலில் பட்டுவிடும் என்றால் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுகிறார்கள், அப்பா. அவர் ஒரு அடி பின்னால் போனார். நானும் ஒரு அடி பெருக்கினேன். அப்படியே வேலிக்கு வெளியே வரைக்கும் பெருக்கிக்கொண்டே போய் விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். மகாலட்சுமி அக்காவுக்கு இது தெரியும். கடைக்குப் பால் வாங்கப் போனால், "ஏனுங்க மேனேஜரம்மா, இன்னிக்கு எத்தன பேத்தப் பெருக்கித் தள்ளுனீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார்.

மேடம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "இது ஆபீஸ் ரூல்ஸ்ல இல்லியே" என்றார். ஆனால் போகும்போது புது விளக்குமாறு வாங்கிக்கொள், பில் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு சந்தோஷமான விஷயம். உள்ளே காலியானதும் அவர்கள் லைட் அடித்துப் பார்த்தார்கள். பின்பக்கக் கல்லில், நம் சாமான்கள் மறைத்திருந்த இடத்தில், கோடு கோடாகச் சின்ன உருவங்கள் இருக்கின்றன. ஓர் எருமை தெரிகிறது. அதற்குப் பின்னால் ஓர் ஆள். கையில் ஏதோ நீளமாக வைத்திருக்கிறார். ஈட்டியாக இருக்கலாம், கோலாக இருக்கலாம், கல் தேய்ந்துவிட்டதால் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு விளக்குமாறு மாதிரிதான் இருந்தது. சொல்லவில்லை. நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கதையில் அந்த ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாளியும் மெஷினும் இப்போது நம் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றன. அம்மா முனகுகிறார். கட்டிலையும் பீரோவையும் உள்ளே கொண்டுவர வேலன் அண்ணன்தான் உதவி செய்தார். பீரோ மட்டும் பழைய இடத்தில் பொருந்தவில்லை, ஜன்னல் பக்கம் வைத்துவிட்டோம். நன்றாகத்தான் இருக்கிறது. கோழி ஒரு நாள் டீக்கடையில் பன் சாப்பிட்டுவிட்டு இப்போது அரிசியைத் தொட மாட்டேன் என்கிறது. காலையில் பனி குறைந்துவிட்டது. கொழுந்து நன்றாக வருகிறது, அம்மாவுக்குத் தினமும் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் சர்ச் ஐயர் உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களுக்காக ஜெபித்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பரவாயில்லை.

போன தடவை நீங்கள் ஹோமிலிருந்து ஒரு வாரத்தில் திரும்பி வந்தபோது அம்மாவும் நானும் ரொம்பச் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தோம். அப்படிச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. இந்தத் தடவை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவசரமாக வந்து சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மேடம் ஜீப்பில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "இனிமேல் ஊட்டுக்குள்ள எதையும் கொண்டாந்து ஒளிச்சு வெக்கக் கூடாது, அப்பங்கிட்டச் சொல்லிரு" என்றார். ம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு ஓடிப்போய், "எந்த ஊட்டுக்குள்ளீங்க?" என்று கேட்டேன்.  "ரெண்டு ஊட்டுக்குள்ளயுந்தான்" என்றார்.

அப்பா, இரண்டையும் நன்றாகப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உங்களைக் காத்து, குருத்தோலை ஞாயிறு கழிந்து முழுசாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். படித்து முடித்ததும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வேலன் அண்ணன், "அங்கயே இருக்கறீங்களா?" என்று உங்களிடம் கேட்பார். பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். ம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். எனக்குப் புரியும்.

உங்கள் அன்பு மகள்,
லிஜி