கயிறா நெருப்பா

ஏவன்டேல், ஒக்லாந்து
9.3.1986

என் குணவதிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதங்கள் வரவரச் சுருங்கிக்கொண்டு போகின்றன. முதலில் அதற்குக் கோபித்துக்கொள்கிறேன்.

பென்ரோஸ் தையல் ஃபக்டரிச் சிநேகிதி ஒருத்தி என்னை ஒரு நாடகக் குழுவில் சேர்த்துவிட்டாள். உடுப்புத் தைக்கிறேன். பழைய இங்கிலாந்தில் ஒரு விதவையைச் சூனியக்காரி என்று விசாரித்து, கடைசியில் உயிரோடு எரிக்கும் கதை. அங்கே எரிப்பதில்லை என்று நீ வகுப்பில் படிப்பிப்பது ஞாபகம் வந்து, இயக்குநர் டெரிக்கிடம் சொன்னேன். சனம் நெருப்புப் பார்க்கத்தான் வரும் என்கிறார். சரியானதை எழுது.

என் தம்பி சற்குணம் செத்துப்போய்ப் பத்து மாதம். கிழமைதோறும் அம்மாவுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாயாம். இதற்கு நான் என்ன கைமாறு செய்வேன்?

உன் ரதி

நல்லூர்
2.4.1986

அன்பின் ரதி,

நீ சொன்னதுதான் சரி. இங்கிலாந்தில் தூக்கு. எரித்தது ஸ்கொட்லாந்திலும் ஜெர்மனியிலும். தூக்கு இலேசான சாவு என்று நினைக்காதே. ஏணியிலிருந்து தள்ளிவிடுவார்கள், கழுத்து முறியாது. கால்மணி நேரம் துடிப்பார்கள். கெதியாய் முடியட்டும் என்று உறவினரே ஓடிவந்து காலைப் பிடித்து இழுப்பார்கள்.

பள்ளிக்கூடம் இரண்டு நாள் நடந்தால் மூன்று நாள் பூட்டு. அம்மா சுகம்.

குணவதி

ஏவன்டேல்
27.4.1986

என் குணவதிக்கு,

நெருப்புப் போய்க் கயிறு வந்துவிட்டது. ஒத்திகையில் இரண்டுபேர் அவள் காலைப் பிடித்து இழுத்தபோது நான் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று சற்குணத்தை லைட் கம்பத்தில் கட்டிச் சுட்டது கண்முன் வந்தது.

இன்னொன்று. விதவைக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அயலவளை டெரிக் சிரித்துச் சிரித்துப் பேசவைக்கிறார். பொறாமையாம். உண்மையில் அப்படித்தானா?

ரதி

நல்லூர்
19.5.1986

ரதி,

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

இங்கிலாந்துச் சட்டம் சித்திரவதையை அனுமதிக்கவில்லை. அதனால் பிடிபட்டவர்களை நித்திரை கொள்ளவிடாமல் நாட்கணக்காய் நடக்கவைத்தார்கள். அதன்பிறகு எந்தப் பெயரும் வாயில் வரும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

போன வருஷம் வைகாசியில் துவக்கோடு வந்த இயக்கப் பெடியள் என்னை ஒரு வெறும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆமி காம்புக்கு யார் போய்வருவது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எஸ்லோன் பிளாஸ்டிக் பைப்பால் உள்ளங்காலில் அடித்தார்கள். குந்தினால் எழுப்பி நடக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன், "உங்கட தங்கச்சி செல்வநாயகியையும் கூட்டிக்கொண்டு வரட்டோ, ரீச்சர்?" என்றான்.

சற்குணம் என்றேன். தான் படிப்பித்த மாணவன் ஒருவனை ஆமி பிடித்தபோது, விடச்சொல்லிக் கேட்க அவன் ஒருமுறை காம்புக்குப் போயிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. பெயரைச் சொன்னதும் பாய் தந்தார்கள். படுத்து நித்திரையாகிவிட்டேன்.

அடுத்தநாள் காலை என்னை விட்டார்கள். சந்தியில் சனத்தோடு நின்றேன். கட்டும்போது அவன் என்னைக் கண்டான். "குணக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ" என்றான். நான் நிலத்தைப் பார்த்தேன். மூன்று வெடி.

அந்த அயலவள் சிரிக்கமாட்டாள் என்று டெரிக்கிடம் சொல்.

குணவதி

ஏவன்டேல்
15.6.1986

குணவதி,

நாடகம் நடந்து முடிந்தது. நான் போகவில்லை.

உன் காலில் அடித்ததை வாசித்து அழுதேன். மூன்று வெடியை வாசித்தபோது, உனக்காக அழுததற்கு என் கன்னத்தில் நானே அறைந்தேன்.

அவன் சொல்லச் சொன்னதைப் பதின்மூன்று மாதமாக நீ சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவனின் தாய் என்று அம்மா கோயிலுக்கும் போகாமல் வீட்டுக்குள் கிடக்கிறா. இந்தமுறை சாப்பாடு கொண்டுபோகாமல் வெறுங்கையோடு போ. எனக்கு எழுதியதை அப்படியே சொல். கேட்டபிறகும் அம்மா உன்னை இருக்கச் சொன்னால் எனக்கு எழுது. போகச் சொன்னால், எனக்கும் இனி எழுதாதே.

ரதிதேவி