குவர்னர் கட்டாத வீடு

பழைய தேக்கை அறுக்கும் வாசனை இன்று காலை தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு நூறு மரத்தை வாசனையிலேயே பிரித்துச் சொல்கிறவன் நான், உனக்குத் தெரியும். இது உன் வீட்டு முன்தாழ்வாரத் தூண். ஓடிவந்து பார்த்தால் ஆறில் மூன்று தரையில் கிடக்கின்றன.

உன் பிள்ளை வீட்டை லாட்ஜ் ஆக்குகிறான். 'பிரெஞ்சு மாளிகை' என்று பலகையும் மாட்டியாயிற்று. மாடியின் வளைவு ஜன்னல்கள் மட்டும் போதுமாம். கீழே இருக்கும் தமிழ்த் தூணும் ஓட்டுச் சாய்ப்பும் பின்னாளில் யாரோ ஒட்டவைத்த குப்பையாம். சொன்னது ஒரு இன்ஜினியர். சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிற ஆள். மாடி முதலில் வந்து, அப்புறம்தான் கீழ்வீடு வந்ததா என்று கேட்டேன். செல்போனைப் பார்த்தான். இவன் கோழிக்கூண்டு கட்டினால் கோழிகூட உள்ளே போகாது.

என் முகத்திலும் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும். உன் பிள்ளை சின்னவனாக இருந்தபோது ஒருநாள் வீடு பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களிடம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு குவர்னர் தன் பெண்டாட்டிக்காகக் கட்டியது, மாடியில் அறுபது ஜோடி ஆடினார்கள் என்று அளந்தேன். அறுபது ஜோடியை அந்த மாடி தாங்குமா என்று ஒருவனும் கேட்கவில்லை. அவர்கள் போனபிறகு நீ சொன்னாய்:

"எங்க கொள்ளுத்தாத்தா அரிசி மண்டி வெச்சி கட்டுனதுடா. கீழ நம்மாளுங்களுக்கு, மேல தொரைங்க வந்தா ஒக்கார. ரெண்டும் ஒரே கொத்தனார் கை."

ஒரு கதை சொன்னால் என்ன, வீடு எழுந்தா போய்விடும் என்றேன் நான்.

அந்தக் கதையைத்தான் உன் பிள்ளை அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறான். அதை நம்பித்தான் இன்ஜினியர் தூணைத் தள்ளுகிறான். இன்று உண்மையைச் சொன்னேன். உன் பிள்ளை என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"மாமா, குவர்னர் கதய சின்ன வயசுலேர்ந்து உங்க வாயாலதான கேக்கறேன். இப்ப வந்து அரிசி மண்டின்னா எவன் ரூம் எடுப்பான்?"

நான்காவது தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்துவிடச் சொல்லிப் போயிருக்கிறார் தச்சர். நீ செத்துப்போனபின் என்னிடம் மிச்சமிருப்பது அரிசி மண்டி, ஒரே கொத்தனார் கை என்று நீ சொன்ன அந்த நாலு வார்த்தைதான். அவர் வந்ததும் ஒன்றும் கூட்டாமல் அதை அப்படியே சொல்ல வேண்டும். இத்தனை வயதுக்கு நான் செய்து பார்க்காத வேலை அது ஒன்றுதான்.