உப்பளத்துச் சேற்று வாசனை

குவைத், 12.3.2005

அன்புள்ள ஃபாயிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நம் மகன் தவுசீப்பும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். என் சுகத்தை இப்போது கம்பெனியே கவனிக்கிறது!

எங்கள் சட்டையில் புதுக் கருவி மாட்டியிருக்கிறார்கள். விஷவாயு வந்தால், ஒயரே இல்லாமல் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடும். நேற்று எண்ணெய்க் குழாயருகே நம் மரக்காணம் உப்பளத்துச் சேற்று வாசனை வந்தது. ஆசையாக மூச்சிழுத்து நின்றேன். விஷவாயுவுக்கும் அதே வாசனையாம். கருவி அலறியது. சூப்பர்வைசர் தேவா முகமூடியோடு ஓடிவந்து என்னை இழுத்துப்போனார்.

"ஏம்பா, நாத்தம் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. அதனாலதான் நின்னேன்."

கருவி பிழைக்க வைத்துவிட்டது, பயப்படாதே. ஷிஃப்டு பஸ் ஹாரன் அடிக்கிறது. ஹபீப் மாமா லீவு முடிந்து வரும்போது உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஜியாவுதீன்