ஒற்றைக் கட்டில் அறை

மெட்ராஸ்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள காத்தாயி,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். குத்தகை நிலத்திலிருந்து பண்ணையார் நம்மை வெளியேற்றியதைப் பற்றிய மனுவை இன்று கோட்டையில் கொடுக்கப் போகிறோம். உன் அப்பா சௌக்கியம். அப்படி எழுதச் சொன்னார்.

நேற்று திருவல்லிக்கேணியில் தெருத்தெருவாக லாட்ஜ் தேடினோம். எதுவும் கட்டுப்படியாகவில்லை. கடைசியாக ஓரிடத்தில் ஒற்றைக் கட்டில் அறை மலிவாகக் கிடைத்தது. மேனேஜர் என் சட்டையைப் பார்த்தார். பிறகு மாமாவின் முழங்கால் வேட்டியைப் பார்த்தார்.

"ரெண்டு பேருன்னா வாடகை கூட ஆகும் சார். இவரு உங்க பண்ணையாள்னா வெராந்தாவுல சும்மாவே படுத்துக்கலாம்."

இல்லை, என் மாமனார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். காத்தாயி, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமாதான் பதில் சொன்னார். "ஆமாங்க, நான் எசமான் வூட்டு ஆளுதான்."

பண்ணையாரை எசமான் என்று கூப்பிடச் சொல்லி அவருடைய ஆட்கள் மாமாவை மரத்தில் கட்டிவைத்து அடித்தபோதுகூட அந்தச் சொல் மாமா வாயிலிருந்து வரவில்லை. உனக்குத் தெரியாததா?

நான் கட்டிலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது நியாயமாகிவிடாது.

காலையில் டீ வாங்கிக்கொண்டு வெராந்தாவுக்குப் போனேன். மேனேஜர் காதில் விழும்படி, "மாமா, உள்ள வந்து கட்டில்ல உக்காந்து குடிங்க" என்றேன்.

"வேணாம் மாப்ள, காத்து இங்கதான் நல்லா வருது."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்காரப் போனேன்.

"இருங்க, தரை அழுக்கா கெடக்கு" என்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்கு விரித்தார்.

உன் முகத்தில் விழிக்கக் கூசுகிற,
உன் வீட்டுக்காரன்