குளத்து விளக்குக்குத் தகுந்த வயர்

அனுப்புநர்:
அக்தர் பேகம்,
க/பெ. நைனா முகம்மது,
எலெக்ட்ரிக் கடை மாடி,
பழைய பேருந்து நிலையம் அருகில்,
விருதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: ஆமத்தூர் சாலை பொது நீச்சல்குளத்தின் விளக்குகளுக்குத் தகுந்த வயர் போட்டு, நிறுத்தப்பட்ட பெண்கள் நேரத்தைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதைப் புகார் என்று எழுத உட்கார்ந்தேன். யார் மேல் புகார் என்று யோசித்தால் ஒருவரும் கெட்டவராகத் தெரியவில்லை. ஆனாலும் குளம் இருட்டிக் கிடக்கிறது.

1. மேற்படி குளத்தில் மாலை ஏழு முதல் எட்டு வரை பெண்கள் நேரம். பட்டாசு ஆலைகளிலிருந்து வேனில் திரும்பும் ஆமத்தூர்ப் பெண்களும், என்னைப் போல் கடைத்தெருவில் குடியிருப்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டு வேலையை அவசரமாக முடித்துவிட்டு ஓடி வருவோம். குளத்துச் சுவரில் பதித்த 12 வோல்ட் விளக்குகள் தண்ணீருக்குள் வெளிச்சம் தரும். பயிற்சியாளர் இசைவாணி அதட்டிய அதட்டலில் நாற்பது வயதில் நானும் மிதக்கக் கற்றேன்.

2. எங்களில் ஒருவர் அய்யம்மாள். போன தீபாவளி சீசனில் ஆலையில் நேர்ந்த தீயில் அவருடைய வலது தோள் வெந்தது. புண் ஆறியபின் தோல் இறுகி, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. தண்ணீருக்குள் கையை அசைத்துப் பழகச் சொல்லி மருத்துவர்தான் குளத்துக்கு அனுப்பினார். ஒருநாள் உடைமாற்றும் அறையில், "அக்கா, இங்கன பாருங்க, கொண்டைய நானே போட்டுட்டேன்" என்றார். நாங்கள் அத்தனை பேரும் அழுதுவிட்டோம். இசைவாணி மட்டும், தான் அழவில்லை, அது குளோரின் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

3. கடந்த மார்ச்சில் குளத்தைச் சுற்றித் தரையை உடைத்து வேலை செய்தபோது விளக்குகளின் பழைய கேபிள் அறுந்துவிட்டது. புதிது வாங்க அனுமதி வரத் தாமதமானதால் நிர்வாகக் குழுவிலுள்ள தங்கச்சாமி அவர்கள் தம்மிடமிருந்த வயரை இலவசமாகக் கொடுத்து, ஆள் வைத்துப் போட்டும் கொடுத்தார். கோயில் திருவிழாக்களில் வாணவேடிக்கை நடத்துபவர் அவர். லாரி பேட்டரியிலிருந்து மைதானத்தின் மறுகோடிவரை மெல்லிய வயர் இழுத்து வெடிக்க வைப்பவர். "அதுவும் பன்னெண்டு வோல்ட்டு, இதுவும் பன்னெண்டு வோல்ட்டு. அம்புட்டு பெரிய வாணமே கெளம்புது, ஒரு லைட்டு எரியாதா?" என்றார். எங்கள் ஊரில் அதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை, வயர் விற்கும் என் வீட்டுக்காரர் உட்பட.

4. வாணத்துக்குக் கண் இமைக்கும் நேரம் மின்சாரம் பாய்ந்தால் போதும். விளக்கு மாலை முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். மேலும், வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் நூறு வாட் பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். அதே நூறு வாட்டை 12 வோல்ட்டில் எரிக்க எட்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வோல்ட் குறையக் குறைய வயர் தடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நாங்கள் தலைகீழாக நினைத்துவிட்டோம். 230 வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் மோட்டார் அறையோ குளத்திலிருந்து வெகு தூரம். வழியிலேயே பாதி வோல்ட் போய்விட, விளக்குகள் மஞ்சளாக மங்கின. எல்லா விளக்குக்கும் ஒரே வயர் என்பதால் அது சூடேறி, ஒருநாள் மேலுறை உருகி நாற்றம் எடுத்தது.

5. கருகல் வாசனை வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, காரணம் கேட்காமல் வெளியே ஓட வேண்டும் என்பது பட்டாசு ஆலைகளில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. பெண்கள் அப்படியே ஓடினார்கள், ஈரத் துணியோடு, நடுரோடு வரை. பின்னால் நானும். பேருந்தில் போனவர்கள் பார்த்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால் ஓடியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கும் காயமில்லை.

6. மறுநாள் குளத்துப் பொறுப்பாளர் பெண்கள் நேரத்தை நிறுத்தினார். வரும் ஜூலை முதல் விளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆறு மணிக்கே குளத்தை நிரந்தரமாக மூடப்போவதாக அறிவிப்பும் ஒட்டியிருக்கிறார். அவர் பயம் நியாயமானது. ஆனால் ஆறு மணிக்கு எங்கள் பெண்கள் வேனில் இருப்பார்கள். அய்யம்மாளின் தோள் மறுபடி இறுகத் தொடங்கிவிட்டது.

ஆகவே, விளக்குகளைக் கழற்றுவதை நிறுத்திவைத்து, தகுதியுள்ள மின் பொறியாளர் ஒருவரை அனுப்பித் தூரத்தை அளந்து பார்க்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே தடித்த செம்புக் கேபிள் வேண்டும். ஆறு சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தண்ணீருக்குள் கிடக்கும் பகுதி ரப்பர் உறை போட்ட கேபிளாக, நடுவில் ஒட்டு இல்லாமல் இருக்க வேண்டும். 230 வோல்ட் லைன் அதன் பக்கமே வரக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரைக் குளத்துக்குச் சற்று அருகே, தண்ணீர் தெறிக்காத இடத்துக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. முடிவு பொறியாளருடையது.

வயர் கடைக்காரி வயர் விற்க மனு கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனவே எங்கள் கடையில் ஒரு மீட்டர்கூட வாங்க வேண்டாம் என்றும் இம்மனுவிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். தங்கச்சாமி அவர்கள் தாமாகவே வந்து, பழைய வயரைக் கழற்றித் தருவதாகச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

இன்று அய்யம்மாளும் என்னோடு தங்கள் முன் நிற்கிறார். அவருடைய கொண்டையைக் காலையில் நான்தான் போட்டுவிட்டேன். தாங்கள் மனம் வைத்து விளக்கு எரிந்தால், நன்றி சொல்ல வரும் நாளில் அதை அவரே போட்டுக்கொண்டு வருவார்.

இடம்: விருதுநகர்
நாள்: 16.06.2008

தங்கள் உண்மையுள்ள,
அக்தர் பேகம்

உடன் கையெழுத்திட்டோர்:
அய்யம்மாள், ஆமத்தூர்
இசைவாணி, பயிற்சியாளர்
தங்கச்சாமி, நிர்வாகக் குழு உறுப்பினர்