பச்சையாகத் தெரிந்த கன்றுகள்

க்பேவே, கானா
4 ஏப்ரல் 1991

அன்புள்ள ஜிஃபா,

நலமா? ஒரு வரி எழுதவும் உனக்கு நேரமில்லை! என் கணவரை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் அவருடைய அண்ணன் வந்துவிட்டார். "ஒன்றரை வருஷம் தர்றேன். தம்பி நிலத்துல விளைச்சலைக் காட்டு. இல்லேன்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு" என்கிறார். அன்னாசி போடலாம் என்றிருக்கிறேன். சந்தையில் பழத்திலிருந்து வெட்டிப்போட்ட கொண்டைகள் சும்மாவே கிடைக்கின்றன. நடலாமா?

உன் என்யோனாம்

அடேய்சோ
21 ஏப்ரல் 1991

என் கண்ணே,

கொண்டை வேண்டாமடி, பழுக்க இரண்டு வருடமாகும். தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்று என்றால் உன் கெடுவுக்குள் பழம் பார்க்கலாம். என் வயலிலிருந்தே இரண்டாயிரம் அனுப்புகிறேன். கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தை ஒரு வாரம் வெயிலில் காயவிடு. பெரியதையும் சிறியதையும் கலந்து நடாதே, ஒன்றாகப் பூக்காது. ஒவ்வொன்றும் நானே பொறுக்கியது.

ஜிஃபா

க்பேவே
19 ஜனவரி 1992

அன்புள்ள ஜிஃபா,

இலைகள் சிவந்து நுனி சுருள்கின்றன. இழுத்தால் செடி கையோடு வருகிறது, வேரே இல்லை. விவசாய அதிகாரி வந்து பார்த்தார். "மாவுப்பூச்சி கொண்டுவர்ற நோய்மா. தாய்ச்செடியிலயே இருந்திருக்கும்" என்றார். எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம். உடனே உன் வயலைப் பார். என்னைப்போல நீயும் ஏமாந்துவிடாதே.

உன் என்யோனாம்

அடேய்சோ
2 பிப்ரவரி 1992

என்யோனாம்,

எனக்குத் தெரியும். கன்று அனுப்பும்போதே தெரியும். வயலின் மேற்கு ஓரம் அப்போதே சிவந்திருந்தது. கொண்டை வேண்டாம் என்றுவிட்டு, கன்றும் தரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாய். விஷயம் வெளியே தெரிந்தால் பழம் வாங்கும் வியாபாரி என் வயலுக்கு வரவே மாட்டார். பச்சையாகத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கினேன், பிழைத்துவிடும் என்று நம்பினேன். இப்போது என் வயலிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. திட்டியாவது எழுது.

ஜிஃபா

க்பேவே
23 அக்டோபர் 1992

ஜிஃபா,

உன் ஐந்து கடிதங்களும் வந்தன. செடிகள் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டேன். கெடு முடிந்து, நேற்று அவருடைய அண்ணன் வந்து வெற்று நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். கத்தவில்லை. "சரி, கிளம்பு" என்றார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கொண்டையையே நட்டு, இன்னும் ஆறு மாதம் கேட்டு அவர் காலில் விழுந்திருப்பேன். பச்சைச் செடியைக் கண்டிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பார்.

மன்னிப்புக் கேட்கிறாய். எனக்குள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாளை காலை பிள்ளைகளோடு புறப்படுகிறேன். அம்மா வீட்டிலிருந்து உனக்கு எழுதப்போவதில்லை.

என்யோனாம்